ஓநாய் ஏரியின் சிவப்புத் துணி

"மக்ரே புறப்பட்டு ஆறு நாள்கள் ஆகிவிட்டன. இன்று மாலைக்குள் நாம் அவனைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையெனில், கண்டுபிடித்தும் பயனிராது," என்றார் முகாம் தலைவர் டிரேபர்.

அது 1934ஆம் ஆண்டின் பிப்ரவரி மாதம். கனடாவின் வடகோடியில், உறைந்து கிடந்த ஒரு பேரேரியின் கரையில் அமைந்திருந்தது அந்த விமான முகாம். சாலையோ தண்டவாளமோ எட்டிப் பாராத அப்பெருங்காட்டிற்குள், சக்கரங்களுக்குப் பதிலாகச் சறுக்குக் கட்டைகளைப் பூட்டிய சிறு விமானங்களே முதன்முதலாக வழி திறந்துகொண்டிருந்தன.

விமானிகள் நால்வர் வரைபடத்தைச் சூழ்ந்து நின்றனர். அவர்களுள் ஒருவன் கஸ்பார். மணப்பாட்டு வணிகர் ஒருவரின் மகனான அவன், சென்னையில் பறக்கக் கற்று, கடல் கடந்து அங்கு வந்து சேர்ந்தவன்.

"அவன் ஓநாய் ஏரிப் பக்கம் போயிருப்பானோ?" என்று ஒருவர் வினவினார்.

டிரேபர் சுவரிலிருந்த கரும்பலகையைச் சுட்டிக்காட்டினார். 'ஓநாய் ஏரி – மக்ரே – 2 பீப்பாய்' என்று அதில் எழுதப்பட்டிருந்தது. "அங்கே அவனுடைய பெட்ரோல் இருக்கிறது. அங்கு இறங்கியிருந்தால் நிரப்பிக்கொண்டு மறுநாளே திரும்பியிருப்பான். ஆகவே அங்குத் தேடுவது வீண். எல்லாரும் ஆற்றின் வழியே தெற்கே செல்லுங்கள்."

கஸ்பாரின் காதுமடல்கள் சுட்டன. அந்தப் பீப்பாய்கள் இரண்டும் காலியாகிவிட்டன என்பதை உலகில் அவன் ஒருவனே அறிவான்.

இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு விமானியும் தொலைதூர ஏரிக்கரைகளில் பெட்ரோல் பீப்பாய்களைச் சேமித்து, வானிலிருந்து தெரியுமாறு உயர்ந்த கம்பத்தில் சிவப்புத் துணியைக் கட்டி வைப்பான். ஆபத்தில் சிக்கியவர் எவரும் அந்தப் பெட்ரோலை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்தவர் துணியை அவிழ்த்துவிட வேண்டும். முகாமுக்கு வந்ததும் பலகையில் திருத்த வேண்டும். இவ்விரண்டையும் மீறியவர் அதுவரை எவருமிலர்.

பன்னிரண்டு நாள்களுக்கு முன், வடக்குச் சுரங்கம் வரை எங்கும் நிரப்பாமல் போய் வருவதாகச் சவால் விட்டுக் கிளம்பினான் கஸ்பார். எதிர்காற்று அவனைத் தோற்கடித்தது. ஓநாய் ஏரியில் இறங்கி, மக்ரேயின் பெட்ரோலை நிரப்பிக்கொண்டான். துணியை அவிழ்த்தால் தோல்வி வெளிப்பட்டுவிடும். அடுத்த பயணத்தில் ஒருவரும் அறியாமல் நிரப்பிவிடலாம் என்று எண்ணினான். அவன் வென்றுவிட்டதாக எண்ணி முகாமில் அவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். முதலில் கைதட்டியவன் மக்ரே.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் அசைத்துவிட்டு வெளியேறினான்.

வெளியே அவனுடைய விமானத்தின் எஞ்சின்காரர் தொம்மை, எஞ்சின்மீது போர்த்திய கித்தானுக்குள் அடுப்பை மூட்டி அதைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். தூத்துக்குடிக் கப்பல்களில் எஞ்சின் வேலை பார்த்தவர் அவர். உறையாதிருக்க முந்தைய மாலையே எஞ்சினிலிருந்து வடித்து, இரவெல்லாம் கணப்பருகே வைத்திருந்த எண்ணெயை ஊற்றி முடித்ததும் இருவரும் புறப்பட்டனர்.

வானில் ஏறிய சிறிது நேரத்தில், கஸ்பார் விமானத்தை வடகிழக்கே திருப்பினான்.

"என்ன தம்பி, ஆறு அந்தாலல்லா கெடக்கு? நீரு இந்தாலப் போறீரு?" என்று எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்தினார் தொம்மை.

"ஓநாய் ஏரிக்கு, அண்ணாச்சி."

"அங்கதான் இல்லேன்னு அந்தப் பெரிய மனுசன் சொன்னாரே."

கஸ்பார் முன்னால் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அன்று பல்வலியால் உடன் வராதிருந்த தொம்மை, அவன் பக்கம் திரும்பினார்.

"துணியையாவது அவுத்தீரா?"

"இல்ல."

"கடல்ல கலங்கரை வெளக்க எடம் மாத்தி வச்ச கணக்கால்லா இருக்கு," என்றார். பிறகு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நண்பகலில் ஏரி தென்பட்டது. கம்பத்தில் சிவப்புத் துணி படபடத்துக்கொண்டிருந்தது. அதனடியில் மக்ரேயின் நீல விமானம் பனி மூடி நின்றது. மனித அசைவு எதுவும் இல்லை.

இறங்குவது எளிதன்று. வானும் தரையும் ஒரே வெண்மையாய் இருந்தமையால் உயரத்தைக் கணிக்க இயலவில்லை. தொம்மை கதவைச் சிறிதே திறந்து, அதற்கென்றே கொண்டுவந்த பைன் கிளைகளை ஒவ்வொன்றாக வீசினார். வெண்மையில் கரும்புள்ளிகள் வரிசையாய் விழுந்தன. அவற்றை அளவாகக் கொண்டு கஸ்பார் விமானத்தைத் தாழ்த்தினான். சறுக்குக் கட்டைகள் பனியை உரசின. விமானம் இருமுறை துள்ளி நின்றது.

"கட்டைக்கு அடியில மரத்தக் கொடும். பனியில ஒட்டிக்கிச்சுன்னா நாமளும் இங்கதான்," என்றார் தொம்மை. அவ்வாறே செய்துவிட்டுக் கரைக்கு ஓடினார்கள்.

காலிப் பீப்பாயின்மேல் கரியால் எழுதியிருந்தது: 'பெட்ரோல் இல்லை. மூன்று நாள் காத்திருந்தேன். உணவு தீர்ந்தது. கிழக்கே வேட்டைக் குடிசைக்கு நடக்கிறேன். துணியை நம்பாதீர்கள், என்னைத் தேடுவோருக்காகவே விட்டுவைத்திருக்கிறேன். – மக்ரே.'

கஸ்பார் அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. பனிக்காலணிகளை மாட்டிக்கொண்டு, மங்கிய தடத்தைப் பின்பற்றி நடந்தான். தொம்மை சறுக்குப் பலகையை இழுத்தவாறு பின்தொடர்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து, கிளைகளால் வேய்ந்த ஒரு குழிக்குள் மக்ரேயைக் கண்டார்கள். உயிர் இருந்தது. இடக்கால் விரல்கள் குளிரில் உறைந்து கறுத்திருந்தன.

மக்ரே வெடித்த உதடுகளால் சிரித்தான். "நீயா, கஸ்பார்? என் பெட்ரோலை எடுத்தவனைப் பார்த்தால் சொல், ஒரு காலணியை அவனுக்கே தந்துவிடுகிறேன். இனி எனக்கு ஒன்று போதும்."

கஸ்பார் அவனைக் கம்பளியால் சுற்றினான். சறுக்குப் பலகையில் கிடந்தபடி வந்த வழியெல்லாம் மக்ரே அவனுடைய கையை விடவில்லை. அந்தப் பிடியில் இருந்த நன்றி, கன்னத்தில் விழும் அடியைவிட அதிகமாக வலித்தது.

புறப்படும் முன் கஸ்பார் மட்டும் கம்பத்தருகே திரும்பிச் சென்று, துணியை அவிழ்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

சூரியன் மறையும் வேளையில் முகாமை அடைந்தார்கள். ஆரவாரம் பனிவெளியெங்கும் ஒலித்தது. மக்ரேயைத் தூக்கிச் சென்று அடுப்பருகே கிடத்தினார்கள்.

"எங்கே இருப்பான் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று டிரேபர் வியந்து கேட்டார். "நாங்கள் எல்லாரும் ஆற்றையல்லவா பார்த்துக்கொண்டிருந்தோம்."

"அவனுக்கு மோப்ப மூக்கு," என்றான் மக்ரே படுத்தவாறே.

கஸ்பார் கரும்பலகையருகே சென்றான். சட்டைக்குள்ளிருந்த சிவப்புத் துணியை எடுத்து, 'ஓநாய் ஏரி'க்கு எதிரே இருந்த '2 பீப்பாய்' என்பதை அதனாலேயே அழித்தான். அந்த இடத்தில், 'இல்லை – எடுத்தவன் கஸ்பார்' என்று எழுதி, பன்னிரண்டு நாள்களுக்கு முந்தைய தேதியையும் இட்டான்.

ஆரவாரம் நின்றது. டிரேபர் ஒருமுறை படித்தார். பின்னர் தேதியைப் படித்தார். மக்ரேயின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கரைந்தது.

"அன்று நான் கைதட்டினேன்," என்றான் அவன்.

"ஆம்," என்றான் கஸ்பார்.

கதவைத் திறந்துகொண்டு தொம்மை எட்டிப் பார்த்தார். கையில் எண்ணெய்ச் சட்டி இருந்தது.

"எண்ணெய் ஒறையுது. வடிக்கணும். நின்னது போதும், வாரும்."

கஸ்பார் வெளியே சென்று சட்டியைப் பிடித்தான். மறு வாரம், டிரேபரின் ஆணைப்படி, விமானியாக அன்றிச் சுமைதூக்குபவனாக அவன் ஓநாய் ஏரிக்குச் சென்றான். இரண்டு பீப்பாய்களையும் கரையேற்றி, அவை நிரம்பியிருப்பதை இருமுறை தட்டிப் பார்த்த பிறகே, துணியைக் கம்பத்தில் கட்டினான்.