பக்கத்து வீட்டு ஸ்டாண்டில் ஒரு நீலச் சட்டை

தனேஷ் பதினான்காம் மாடியில் லிப்டை விட்டு இறங்கிய நொடியில் ஓர் ஆண் அவனைக் கட்டிப் பிடித்தான்.

ஈரமாக இருந்தான். நீலக் கட்டம் போட்டிருந்தான். தலை மட்டும் இல்லை.

கடல் பக்கமிருந்து வந்த காற்று, நடைபாதையில் நின்றிருந்த துணி காயப்போடும் ஸ்டாண்டைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு வந்து அவன்மேல் சாய்த்திருந்தது. அதில் தொங்கிய சட்டையின் இரண்டு கைகளும் அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. அன்றைக்கு ஜோர்ஜ்டவுனில் அடித்த காற்று அப்படி. எட்டாம் மாடிச் சீனரின் கால்சட்டை ஒன்று ஃபெரிக்குக் காசு கொடுக்காமலே கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் போய்ச் சேர்ந்தது.

"ஐயோ... சாரிங்க... சாரி..."

ஓடி வந்தாள் பக்கத்து வீட்டுச் சுபாஷினி. நெற்றியில் ஒட்டிய முடி... அதற்குக் கீழே இரண்டு கண்கள். மழைக்கு முன்னால் கடல் ஒரு நிறத்துக்கு வருமே, கறுப்பும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல்... அந்த நிறம். குடிவர வந்தவன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றான்.

"பரவால்லங்க. ஒங்க வூட்டுக்காரரு ரொம்ப பாசக்காரரு போல."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வாயாலேயே, 'வீட்டுக்காரர் எல்லாம் இல்லை' என்று சொல்லத்தான் போனாள். அதற்குள் எதிர்வீட்டுக் கம்பிக் கதவுக்குப் பின்னால் சலேஹா அக்கா வந்து நின்றார்.

"தம்பி, அது ஹரீஷோட சட்ட. பாத்து எடு. நல்ல மனுசன்."

சுபாஷினி வாயை மூடிக்கொண்டாள். வந்த வினையெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஏனென்றால் ஹரீஷ் என்று ஒருவர் பிறக்கவே இல்லை.

லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் வேலை கிடைத்து அவள் தனியாகக் குடிவந்தபோது, சொந்த ஊரான கெப்பாலா பத்தாஸிலிருந்து கூட வந்த அம்மா ஒரு பழைய துணிக் கடையில் நுழைந்து, இருப்பதிலேயே பெரிய சட்டையாகப் பார்த்து வாங்கினார். "கதவுக்கு ரெண்டு பூட்டு போடு. ஸ்டாண்டுல இந்த சட்டையப் போடு. பூட்ட ஒடைக்கிறவன்கூட இத பாத்தா யோசிப்பான்லா." பேர் என்ன என்று சலேஹா அக்கா கேட்ட அன்று, வாய்க்கு வந்த பேர் ஹரீஷ். எங்கே வேலை என்றதற்கு, அக்கரையில் பிறை என்ற ஊரின் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு.

அவ்வளவுதான் அவள் சொன்னது. மீதியை நடைபாதை பார்த்துக்கொண்டது. ஹரீஷுக்குச் சம்பள உயர்வு கிடைத்தது. குடியிருப்போர் சங்கத்தில் அவரைத் துணைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். யாரிடமும் சண்டை போடாத ஒரே நிர்வாகி என்று பெயரும் எடுத்தார். துவைத்துத் துவைத்துச் சட்டை சுருங்கியதும், "நேத்து லிப்டுல பாத்தேன், ஹரீஷ் எளச்சிப் போயிட்டாரு, ஒழுங்கா சோறு போடு" என்று சலேஹா அக்கா அவளிடமே கண்டித்தார். அன்றைக்குச் சுபாஷினி வீட்டுக்குள் போய் அலமாரியை ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டாள்.

தனேஷுக்கு ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலை. மதியம் வீட்டில் இருப்பான். சாரல் அடித்தால் யார் வீட்டில் இருக்கிறாரோ அவர் பக்கத்து வீட்டு ஸ்டாண்டையும் உள்ளே இழுத்துவைப்பது அந்த மாடியின் வழக்கம். அப்படித்தான் சுபாஷினியின் ஸ்டாண்டு, மழை வரும்போதெல்லாம் அவன் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே போய் நின்றது.

சாயங்காலம் அவள் வருவாள். அவன் ஸ்டாண்டை வெளியே உருட்டிவிடுவான்.

"தேங்ஸ்ங்க."

"பரவால்லங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவள் துப்பட்டாவில் அவன் வீட்டு வாசனை இருக்கும். காப்பியும் இஞ்சியும்... கொஞ்சம் தனிமையும். அதை மடித்து வைக்காமல் நாற்காலியில் போட்டுவிட்டு, பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பிறகு அவள் ஒரு திருட்டுத்தனம் பழகினாள். காலையில் வானம் கறுத்திருந்தால் மற்றவர்கள் துவைக்க மாட்டார்கள். அவள் அன்றைக்குத்தான் துவைப்பாள். கடை இருக்கும் குவீன் ஸ்திரீட்டில் முதல் தூறல் விழும்போது, சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும் அவள் கை நிற்கும். 'இப்போ கதவைத் திறப்பான்... இப்போ ஸ்டாண்டைத் தொடுவான்...' வாடிக்கையாளர் பச்சை கேட்டால் மஞ்சளை எடுத்துக் கொடுப்பாள்.

அவன் நிலைமை இன்னும் மோசம். ஒரு சட்டையைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். மற்ற துணிகளையெல்லாம் காற்றுக்கு விரித்துவிட்டு, ஹரீஷை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தான்.

"சட்டைய மட்டும் ஏங்க செவுத்த பாத்துப் போடுறீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"வெயில்ல கலர் போயிடும்."

"மழ பெய்யுது. வூட்டுக்குள்ள ஏது வெயிலு?"

அவன் அவள் கண்ணைப் பார்த்தான்... உடனே ஸ்டாண்டின் சக்கரத்தைப் பார்த்தான்.

சொல்லிவிடலாம் என்று அவளுக்கு எத்தனையோ முறை தோன்றியது. எப்படிச் சொல்வது? 'எனக்குப் புருஷன் இல்லை, வீட்டில் நான் மட்டும்தான்' என்று பக்கத்து வீட்டு ஆணிடம் ஒரு பெண் தானாகப் போய்ச் சொன்னால், அது கூப்பிட்ட மாதிரி ஆகாதா? அதுவும் சட்டையோடு குடித்தனம் நடத்தினேன் என்று எந்த வாயால் சொல்வது? மாடியே சிரிக்கும். மறுநாளிலிருந்து மாடியே அவள் கதவைப் பார்க்கும்.

சட்டை இருக்கும்வரை பயமில்லை. சட்டை இருக்கும்வரை அவனும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் வீட்டு வாசலில் பெட்டிகள் இருந்தன.

"எங்கங்க...?"

"சுங்கைப்பட்டாணி. அங்க ஒரு வேல கெடச்சிருக்கு."

"இங்க வேல இல்லையா?"

"இருக்கு."

"அப்பறம்?"

அவன் பெட்டியின் கயிற்றை இறுக்கினான். ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"ஹரீஷ் அண்ணே நல்லவருன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் ஒரு தடவகூட பாத்தது இல்ல. ஆனா அவரு முகத்துல முழிக்க எனக்கு யோக்கியத இல்ல. மழ எப்ப வரும்னு காத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேங்க... அது தப்புதானே."

லிப்டு வந்தது. கடைசிப் பெட்டியோடு இறங்கிப் போனான். அதே நேரத்தில், கொம்தார் கோபுரம் மறைகிற அளவுக்குச் சாரல் இறங்கியது. மாடி முழுக்கக் கதவுகள் திறந்தன. ஆளாளுக்கு ஸ்டாண்டை இழுத்தார்கள். சுபாஷினியின் ஸ்டாண்டு மட்டும் நனைந்தபடி நின்றது. அவள் அசையவில்லை.

"சுபா, துணி நனையிது" என்றார் சலேஹா அக்கா.

"நனையட்டும்க்கா."

லிப்டு மறுபடி மேலே வந்தது. குடையை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு தனேஷ் வெளியே வந்தான். நனைகிற ஸ்டாண்டைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் கை நீண்டது.

"விடுங்க," என்றாள். "அந்த சட்டைக்குள்ள ஆளே இல்ல."

"...என்னாங்க?"

"இருந்ததே இல்ல. ஹரீஷ்னு யாரும் இல்ல. எங்கம்மா வாங்கித் தந்த சட்ட அது. நான் தனியா இருக்கேன்."

சத்தமாகத்தான் சொன்னாள். அத்தனை கதவுகளும் கேட்டன. மழைகூடக் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் பெய்தது.

முதலில் பேசியவர் சலேஹா அக்கா. "அப்போ லிப்டுல நான் பாத்தது யாரு?" என்று கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லாததால் தானே யோசித்து, தலையை ஆட்டினார். "யாரா இருந்தா என்ன, அவனும் நல்ல பையன்தான்." பிறகு கம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, மற்ற வீட்டுக்காரர்களையும் கண்ணாலேயே உள்ளே தள்ளினார். அந்த மாடியில் அதற்கு முன்னும் பின்னும் அத்தனை கதவுகள் ஒன்றாகச் சாத்தப்பட்டதில்லை.

இருவரும் நின்றார்கள். நடுவில் ஸ்டாண்டு. சொட்டச் சொட்ட நீலச் சட்டை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பயம்..."

"என்னப் பாத்தா?"

"இல்ல. எனக்குச் சொல்லவே வெக்கமா இருக்கற ஒண்ண, நீங்க தப்பா புரிஞ்சிக்கிட்டா..." குரல் இறங்கிப்போனது. "துணி எடுத்து வெக்க ஆள் வேணும்னு இல்லங்க. இத்தன நாளா நானேதானே பாத்துக்கிட்டேன். எனக்கு... நீங்க வேணும்."

அவன் நடுவிலிருந்த ஸ்டாண்டை ஓரமாக உருட்டிவிட்டான்.

"பொட்டியெல்லாம் கீழ லோரில இருக்கு சுபா," என்றான் கடைசியில். அவள் பேரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. "மழ விட்டா லோரிக்காரன் கெளம்பிடுவான்."

அவள் கடலைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"விடாது," என்றாள்.