பெட்டி இடம் மாறியது

"ஊது! இன்னும் கொஞ்சம் ஊது!" என்றார் பள்ளிக் காற்றை ஆராய வந்த ஆய்வாளர் அக்கா.

இரண்டாம் வகுப்புத் தம்பி கன்னம் உப்ப ஊதினான். மூச்சின் பலத்தை அளக்கும் குழாயில் இருந்த முள் பாதிகூட ஏறவில்லை. அதற்குள் இருமல் வந்துவிட்டது.

"இனி உன் பலூனையெல்லாம் நான்தான் ஊதணும் போல," என்றாள் அவன் அக்கா. ஐந்தாம் வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

தம்பி சிரித்தான். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. போன வாரம்தான் அவனுக்கு மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வாசலை ஒட்டியது தம்பியின் வகுப்பு. அதன் ஜன்னலுக்கு வெளியே ஆய்வாளர் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்.

"காத்துல எவ்வளவு புகைத்தூசு இருக்குன்னு இது காட்டும். பச்சை எரிஞ்சா நல்லது. சிவப்புன்னா கெட்டது."

பள்ளி விடும் நேரம். கூட்டிப்போக வந்த வண்டிகள் எஞ்சினை அணைக்காமல் வரிசையாக உறுமின. பெட்டி சிவப்பாக எரிந்தது.

"இந்தத் தூசு தலைமுடியைவிட ரொம்பச் சின்னது. நுரையீரலோட அடிவரைக்கும் போயிடும். சின்னப் பிள்ளைங்களைத்தான் அதிகமா படுத்தும்," என்றார் ஆய்வாளர்.

மறுவாரம் ஜன்னலில் பெட்டியைக் காணோம். வாயாடி தேடிப் பார்த்தாள். பள்ளிக்குப் பின்னால், மரத்தடியில், அது பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை பெருமையாகச் சொன்னார்: "நம்ம பள்ளிக் காத்து சுத்தமான காத்து!"

எல்லோரும் கைதட்டினார்கள். இருமிக்கொண்டே தம்பியும் தட்டினான்.

அன்று ஆய்வாளர் மறுபடி வந்தார். தலைமையாசிரியையின் அறையில் தம்பி ஊதிக் காட்ட வேண்டியிருந்தது. வாயாடியும் கூடப் போனாள்.

"பெட்டியை ஏன் மாத்தினீங்க மேடம்?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"பெத்தவங்க பயந்து பிள்ளைங்களை வேற பள்ளிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அங்கேயே இருக்கட்டும். இல்லைன்னா பெட்டியை எடுத்துட்டுப் போயிடுங்க."

ஆய்வாளர் முகம் வாடியது. குழாயை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"டீச்சர், தம்பி வகுப்பையும் பின்னாடி மாத்திடுங்களேன்," என்றாள் வாயாடி.

"என்னது?"

"பெட்டியை நல்ல காத்துக்கு மாத்திட்டீங்க. அதுக்கு நுரையீரல்கூட இல்லையே டீச்சர்."

தலைமையாசிரியையின் முகம் சிவந்தது. "பின்னாடி இருக்கிறது உன் வகுப்புதானே? அப்போ நீங்க முன்னாடி வரணும். சம்மதமா?"

அதோடு இவள் வாய் அடைத்துவிடும் என்று அவர் நினைத்தார்.

வாயாடி தம்பி பக்கம் திரும்பினாள். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

"சம்மதம் டீச்சர்."

வகுப்புகள் மாறின. அவள் தோழி அன்று தள்ளிப் போய் உட்கார்ந்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "உன் தம்பிக்காக நாங்க புகை குடிக்கணுமா?"

வாயாடி ஜன்னல் வழியே வண்டி வரிசையைப் பார்த்தாள்.

மணி அடித்ததும் முதல் வண்டியிடம் ஓடிக் கண்ணாடியைத் தட்டினாள். "மாமா, எஞ்சினை அணைங்க. புகை எங்க வகுப்புக்குள்ள வருது."

"வெயில் கொளுத்துது. உள்ள ஏசி ஓட வேணாமா? போம்மா!" கண்ணாடி ஏறிக்கொண்டது.

அடுத்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது வண்டியில் இருந்த அத்தை அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பினார். ஓர் உறுமல் நின்றது. மற்றவை நிற்கவில்லை.

பின்னால் யாரோ வந்து நின்றார்கள். தோழிதான். முகத்தில் சிரிப்பே இல்லை.

"உன்மேல கோபம் இன்னும் போகல," என்றாள் அவள். "நீ இந்தப் பக்கம் தட்டு. நான் அந்தப் பக்கம் தட்டுறேன்."