வெள்ளை நாடாவும் அசையாத முள்ளும்

“லைற்றை இஞ்சை பிடி, பிள்ளை!”

சாண்ட்ரா பிடித்தாள்.

“அங்கை இல்லை, இஞ்சை! கண்ணுக்குள்ளை அடிக்காதை!”

எந்த ‘இஞ்சை’ என்று அப்பாவுக்கே தெரியாது. அவர் காருக்குள், கால் வைக்கிற இடத்தில் தலையை வைத்துத் தலைகீழாகக் கிடந்தார். அவருடைய சப்பாத்து இரண்டும் இருக்கைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. பகல் ஒரு மணிக்குத் தொடங்கிய வேலை, இப்போது நாலு மணி. சாண்ட்ராவின் கை விறைத்து, வலி தோளைத் தாண்டிக் கழுத்துக்கு ஏறிவிட்டது.

பள்ளி விடுமுறையில் பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வேலை ஆயிரம் உண்டு. ஆனால் இந்தக் கார் நாளைக்கு ஓடாவிட்டால் நட்டம் அவளுக்குத்தான்.

நாளைக்குக் கேவலார் மாதா கோயில் திருவிழா. ஜேர்மனி முழுவதிலும் இருந்து தமிழ்ச் சனம் அங்கே கூடும். போன வருடம் பூசையில் மன்றாட்டுச் செபம் வாசிக்கச் சாண்ட்ராவைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். அவளும் இரண்டு கிழமை கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினாள். அவர்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சனில் இருந்து புறப்பட்டுப் பாதி வழிகூடப் போகவில்லை, காரின் மூக்கில் இருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது.

அந்தக் காரில் எஞ்சின் சூட்டைக் காட்ட முள் கிடையாது. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் இருந்தது. அது எரியும்போது எஞ்சின் ஏற்கெனவே கொதித்து முடிந்திருந்தது. “வீடு எரிஞ்சு முடிஞ்சாப்பிறகு மணி அடிக்கிற விளக்கு” என்று அப்பா அதைத் திட்டித் தீர்த்தார். அவர்கள் நெடுஞ்சாலை ஓரப் புல்லில் இழுவை வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில், அவளுடைய மன்றாட்டை வேறொரு பிள்ளை வாசித்தது. தடக்கித் தடக்கி வாசித்ததாம். சாண்ட்ரா என்றால் ஒரு சொல்லிலும் தடக்கியிருக்க மாட்டாள்.

இந்த வருடமும் அவளையே கேட்டிருந்தார்கள். கோயில் பஸ்ஸில் இடம் முடிந்துவிட்டது. அம்மா டொறத்தியோ கட்டளையே போட்டுவிட்டா.

“சூடு காட்டுற முள் ஒண்டு பூட்டுங்கோ. அது அசையிறதை என்ரை கண்ணாலை பாத்தால்தான் ஏறுவன். இல்லாட்டில் ஒருத்தரும் போகேல்லை!”

அதனால்தான் அப்பா லோறன்ஸ் முள் வைத்த மீற்றர் இரண்டு வாங்கி வந்தார். ஒன்று பற்றரிக்கு, மற்றது எஞ்சின் சூட்டுக்கு. பற்றரி மீற்றர் பூட்டியவுடனே பன்னிரண்டரை வோல்ற் என்று காட்டியது. சூட்டு மீற்றரின் முள்தான் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்த ஆள் மாதிரி அடியிலேயே கிடந்தது. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். எஞ்சின் மூடியைத் தொட்டால் கை சுட்டது. ஆனால் முள் எழும்பவில்லை.

“அத்தான், உங்களுக்குக் குழாய்தான் சரி. கரண்ட் வேறை விசயம்” என்றார் யூட் மாமா. அவர் அம்மாவின் தம்பி. உதவி செய்ய வந்தவர், மடக்குக் கதிரையில் இருந்து எழும்பவே இல்லை.

அப்பாவின் தலை கால் வைக்கிற இடத்தில் இருந்து எழும்பியது. “இருபத்திரண்டு வருசம் தண்ணிக் குழாய் வேலை! நான் பூட்டின ஒரு குழாயிலை ஒரு சொட்டு ஒழுகினதெண்டு சொல்லு பாப்பம்!”

“ஒழுகேல்லைத்தான். முள்ளும் அசையேல்லை.”

மேல்மாடி யன்னல் திறந்தது. மேல்வீட்டு ஜேர்மன்காரி பிறாவ் நோவாக் எட்டிப் பார்த்தா. “ஹெர் லோறன்ஸ்! இது வீட்டு முற்றம், கராஜ் இல்லை!”

“ஐந்து நிமிடம், பிறாவ் நோவாக்!” என்று அப்பா ஜேர்மன் மொழியில் கத்தினார். இன்றைக்கு அவர் சொன்ன நாலாவது ‘ஐந்து நிமிடம்’ அது.

பிறகு எல்லா வயரையும் திரும்பக் கழற்றத் தொடங்கினார்.

“அப்பா! அதே வயரை அதே இடத்திலை மூண்டாம் தரம் பூட்டுறீங்கள்!”

“நீ லைற்றைப் பிடி.”

“ஏலாது. கை செத்துப் போச்சு.”

சாண்ட்ரா லைற்றை இருக்கையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று காரின் முன்பக்கம் போனாள். மீற்றர் வந்த வெறும் பெட்டி நிலத்தில் கிடந்தது. அதைக் காலால் தட்டியபோது உள்ளே ஏதோ கிணுங்கியது. எடுத்துப் பார்த்தால், மோதிரம் போல ஒரு செப்பு வளையம்.

“அப்பா, இது என்ன?”

“ஒழுகாமல் போடுறது. எனக்கு உது தேவையில்லை. என்னட்டை ரேப் இருக்கு.”

சாண்ட்ரா வளையத்தை விரலில் போட்டுச் சுற்றினாள். அப்பாவின் ரேப்பைத் தெரியாதவர் உண்டா? வீட்டில் திருகிப் பூட்டுகிற சாமான் எதுவென்றாலும் அவர் முதலில் அந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் நாடாவைச் சுற்றுவார். சாண்ட்ராவின் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்திலிலும் சுற்றியிருந்தார். போத்தில் ஒழுகவில்லை. திறக்கவும் முடியவில்லை.

திறந்திருந்த எஞ்சினை அவள் எட்டிப் பார்த்தாள். சூட்டை அளக்கிற சின்னப் பித்தளைச் சாமானை அப்பா எஞ்சினிலேயே திருகியிருந்தார். அதில் இருந்து ஒரே ஒரு வயர் மீற்றருக்குப் போனது.

ஒன்றுதானா?

விடுமுறைக்கு முதல் பள்ளிக்கூடத்தில் பற்றரி வைத்துச் சின்ன பல்ப் எரித்தார்கள். கரண்ட் ஒரு வழியால் போக வேண்டும், இன்னொரு வழியால் திரும்பி வர வேண்டும். எந்த வழியை மறித்தாலும் பல்ப் அணைந்துவிடும்.

“அப்பா, எஞ்சினிலை பூட்டினதுக்கு ஏன் ஒரு வயர்தான் இருக்கு?”

“மற்ற வழி எஞ்சின்தான். இரும்புக்குள்ளாலை வரும்” என்றது காருக்குள் இருந்து அப்பாவின் குரல்.

சாண்ட்ரா இன்னும் குனிந்தாள். பித்தளையும் இரும்பும் சேர்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது. ரேப்!

பள்ளிக்கூடத்தில் இரண்டு வயருக்கு நடுவில் ஒரு பிளாஸ்ரிக் துண்டை வைத்தபோது பல்ப் பட்டென்று அணைந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். அப்போதுதான் யூட் மாமாவின் பல் முப்பத்திரண்டும் கண்ணில் பட்டது. இப்போது கத்தினால், நாளைக்குக் கேவலாரில் ஆள் ஆளாகப் பிடித்து இந்தக் கதையை மாமா சொல்லுவார். காருக்குள் அப்பாவின் விரல்களில் வயர் குத்திய காயம் நாலைந்து இருந்தது.

சாண்ட்ரா வாயை மூடினாள்.

“மாமா, அம்மா தேத்தண்ணி போடுறா. போய் எடுத்துக்கொண்டு வாங்கோ.”

“நீ போவன்.”

“பொரிச்ச பற்றிசும் சூடா இருக்கு.”

கதிரை காலியானது.

“அப்பா, வெளியிலை வாங்கோ. ஒண்டு பாக்கவேணும்.”

அப்பா முதுகைப் பிடித்தபடி, துருப்பிடித்த மடக்குக் கத்தி மாதிரி மெல்ல நிமிர்ந்தார். சாண்ட்ரா மிச்சமிருந்த கறுப்பு வயர்த் துண்டொன்றை அவரிடம் நீட்டினாள்.

“ஒரு நுனியை அந்தப் பித்தளைச் சாமானிலை வையுங்கோ. மற்ற நுனியை எஞ்சின் இரும்பிலை. நான் உள்ளையிருந்து முள்ளைப் பாக்கிறன்.”

“ஏன்?”

“நான் மூண்டு மணித்தியாலம் லைற் பிடிச்சன். நீங்கள் ஒரு நிமிசம் வயர் பிடியுங்கோ!”

அப்பா வயரை வாங்கினார். அவர் சாவியைத் திருப்பி மீற்றருக்குக் கரண்ட் கொடுத்தார். எஞ்சினை ஓடவிடவில்லை. பிறகு முன்னால் போய்க் குனிந்து வயரை வைத்தார்.

முள் துள்ளியது. நாற்பது, அறுபது, எண்பது!

“எழும்புது! அப்பா, எழும்புது! எடுங்கோ!”

எடுத்தார். முள் விழுந்தது.

“வையுங்கோ!”

வைத்தார். எழும்பியது.

முள் திரும்ப விழுந்தது. சாண்ட்ரா இறங்கிப் போனாள். அப்பா அந்த வெள்ளை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“ஏழு சுத்தா, அப்பா?” என்று மெல்லக் கேட்டாள். அவர் எப்போதும் சுற்றுவது ஏழு.

“எட்டு” என்றார் அப்பா. “மாதா கோயில் பயணமெண்டு ஒண்டு கூடச் சுத்தினனான்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அப்பாதான்.

சாண்ட்ரா விரலில் இருந்த செப்பு வளையத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். “இது செம்பு. இதுக்குள்ளாலை கரண்ட் போகும்தானே?”

“போகும். ஒழுகவும் விடாது.” அப்பா பெருமூச்சு விட்டார். “ஆனா இப்ப கழட்டேலாது. சுடுதண்ணி முகத்திலை அடிக்கும். எஞ்சின் ஆறட்டும்.”

யூட் மாமா தேநீரும் வாய் நிறையப் பற்றிசுமாக வந்தார். “என்ன, பிழை பிடிச்சாச்சோ?”

“ஒரு வழி அடைச்சிருந்தது, மாமா” என்றாள் சாண்ட்ரா. தேநீரை வாங்கி அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா அவளைப் பார்த்தார். தேநீரை ஒரு மிடறு குடித்தார். “அடைச்சது நான்தான். ரேப்பைச் சுத்திக் கரண்டுக்குக் கதவைச் சாத்திப்போட்டன். பிள்ளைதான் கண்டுபிடிச்சது.”

மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

“நல்லாச் சிரி. எஞ்சின் ஆறினாப்பிறகு அந்த ரேப்பை நீதான் சுரண்டப் போறாய்” என்றார் அப்பா. மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஆறரை மணிக்கு அம்மா இடுப்பில் கை வைத்தபடி காருக்குப் பக்கத்தில் நின்றா. எஞ்சின் ஓடியது. முள் மெல்ல மெல்ல ஏறித் தொண்ணூறில் நின்றது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

“சரி. ஏறுவன்” என்றா அம்மா.

மறுநாள் காலையில் ஏறினா. ஏறியதில் இருந்து கண்ணை முள்ளில் இருந்து எடுக்கவே இல்லை.

“இஞ்சேருங்கோ, எண்பத்தெட்டு!”

“ம்.”

“தொண்ணூறு! தொண்ணூறு!”

“அது அங்கைதான் நிக்கவேணும், டொறத்தி!”

“தொண்ணூற்றொண்டு!”

“ஐயோ, இந்த முள் அசையாமலே இருந்திருக்கலாம்!” என்று அப்பா தலையில் கை வைத்தார்.

“கையை ஸ்ரேரிங்கிலை வையுங்கோ!” என்று அம்மாவும் சாண்ட்ராவும் ஒன்றாகக் கத்தினார்கள்.

கேவலாரில் கூட்டம் நிரம்பி வழிந்தது. சாண்ட்ராவின் முறை வர இன்னும் ஒரு பாட்டுத்தான் இருந்தது. வாசிக்க முன் கொஞ்சம் தண்ணீர் குடிக்க நினைத்தாள். அப்பா நிரப்பிப் பையில் வைத்த பள்ளிக்கூடப் போத்திலை எடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைத் திருகினாள்.

அது ஒரே திருகில் திறந்தது. யாரோ ரேப்பைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

சாண்ட்ரா இரண்டு மிடறு குடித்தாள். ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்று, ஒரு இடத்திலும் தடக்காமல் வாசித்தாள்.