பொருந்தாத உரு

கடைக்காரர் கொடுத்த கேமரா வழியாக அவள் தெருவைப் பார்த்தபோது விளக்குக் கம்பமும் சைக்கிளும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கம்பத்தருகே தலையைத் தோளில் சாய்த்து நின்ற ஆள் மட்டும் ஒற்றையாக, மங்கலாகத் தெரிந்தான்.

"நடுவுல மஞ்சள் கட்டம் தெரியுதாம்மா? அதுக்குள்ள எல்லாமே ரெண்டாத்தான் தெரியும். ஒண்ணு நிஜம், இன்னொண்ணு அதோட மங்கல். லென்ஸ் வளையத்தைத் திருப்பி ரெண்டையும் பொருத்தணும். ரேஞ்ச்ஃபைண்டர்னா அதான்."

"அந்த ஆள் மட்டும் ஏன் ஒண்ணா இருக்காரு?"

"எந்த ஆளு?"

கேமராவை இறக்கிப் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. "உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கும்" என்றார் அவர். "அதனாலதான் இந்த விலை. சுத்தமானது வேணும்னா இதுபோல ரெண்டு மடங்கு ஆகும். முதல் கேமராவுக்கு இதுவும் ஒரு ஐம்பது எம்எம் லென்சும் தாராளம்."

அவள் வாங்கிக்கொண்டாள். யோசிக்கவில்லை. அம்மா இறந்ததிலிருந்து எதையும் யோசிப்பதில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பாள், வீட்டுக்கு வருவாள், தட்டில் வைத்ததைச் சாப்பிடுவாள். துணைக்கு வந்து தங்கியிருந்த தங்கைதான் நச்சரித்தாள்: "நாள் பூரா எலும்பையே எடுக்கிறியே அக்கா, ஒரு முகத்தையாவது எடேன்."

அன்று மாலை தங்கை துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். சூடான பருத்தி வாசனையும், நீர் தெளித்த துணிமேல் இஸ்திரிப் பெட்டி ஓடும் சீறலும், திறந்த சன்னல் வழியே வந்த வண்டிகளின் இரைச்சலும் அறையில் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அக்கா ஃபிலிம் போட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்தாள். இரண்டு மேசை. இரண்டு தங்கை. சன்னலோரம், தலையைச் சாய்த்தபடி, ஒரே ஒரு ஆள்.

கேமராவை இறக்கினாள். சன்னலில் திரை மட்டும் ஆடியது.

பயம் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை.

"எடுக்கப் போறியா, இல்ல பாத்துக்கிட்டே இருப்பியா?" தங்கை சிரித்தாள். "தலைகூட வாரல. பரவால்ல, எடு."

"அங்கிருந்து கொஞ்சம் இந்தப் பக்கம் வா."

"எதுக்கு?"

மறுபடி பார்த்தாள். வளையத்தைத் திருப்பினாள். தங்கையின் மங்கல் நகர்ந்தது. அவனும் நகர்ந்தான், எதிர்த்திசையில். சன்னலைத் தாண்டி. நாற்காலியைத் தாண்டி. அவள் திருப்புவதை நிறுத்தினாள்.

அவன் நிற்கவில்லை.

மேசை. துணி. தங்கையின் தோள். கூப்பிட வாயைத் திறந்தாள். வெறும் காற்று. அவன் தங்கையின்மேல் படிந்தான். ஒரு கோடு பிசகாமல். பொருந்திவிட்டான்.

சீறல் நின்றது.

துணி கருகும் நாற்றம். கேமராவை இறக்கினாள். தங்கை தலையைத் தோளில் சாய்த்து நின்றாள். கையடியில் இஸ்திரிப் பெட்டி புகைந்தது. அவள் இமைக்கவில்லை.

அக்கா கேமராவை மீண்டும் கண்ணில் வைத்தாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மஞ்சள் கட்டத்துக்குள், சன்னலோரம், ஒற்றையாக, மங்கலாக, வாராத தலையோடு தங்கை நின்றாள். இரண்டு உள்ளங்கைகளாலும் கேமராவின் கண்ணாடியை உள்ளிருந்து அறைந்துகொண்டிருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது.

சத்தமே இல்லை.