அமைதிப்பொட்டு

“இங்கே உங்களுக்கு ஏதாவது அசௌகரியம் இருக்கிறதா?” என்று, வந்த புதிதில் வீட்டுவசதி அதிகாரி மார்கிட் செண்பகத்தைக் கேட்டிருந்தாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்” என்று செண்பகம் சிரித்தாள். பொய் சொல்லவில்லை. அப்போது அவள் நெற்றியோரத்தில் பொட்டு இருந்தது.

ஹெல்வர்ன் நகரத்துக்கு வேலை தேடி வருகிற எல்லாருக்கும் விமான நிலையத்திலேயே அமைதிப்பொட்டு ஒட்டிவிடுவார்கள். மிளகு அளவுதான் இருக்கும். ‘இது உன் வீடு’ என்று மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது அதன் வேலை. நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிகக் கூடங்களில் தங்குகிறவர்கள் மனம் உடைந்துபோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்த கருவி. யார் எவ்வளவு தவிக்கிறார்கள் என்பதை அதுவே அளந்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கும். தவிப்பு மிகுந்தவர்களுக்கு முதலில் வீடு.

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் மருத்துவமனையில் அவளுடைய பொட்டை எடுத்துவிட்டார்கள். கருவுக்கு ஆகாதாம். அன்று சாயங்காலம் கூடத்துக்குத் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இடம் மாறி வந்துவிட்டோமோ என்றிருந்தது. துணி மறைப்புகளுக்கு நடுவே ஆறு குடும்பங்கள். ஈரம் ஏறிக் கறுத்த சுவர். ஒரு மறைப்புக்குள் பிறந்து சில வாரமேயான குழந்தை குளிரில் வீறிட்டது. பச்சைப்பிள்ளைகளுக்குப் பொட்டு கிடையாது. அதைச் சுற்றியிருந்த பெரியவர்கள் நிம்மதியாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள்.

தன் பிள்ளையும் இப்படித்தான் அழும். அதன் தகப்பனும் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருப்பான்.

“அத்தான், பிள்ளையோட நாம இங்க இருக்க முடியாது.”

“ஏன், என்ன கொறச்சல்?” உலகநாதன் ஈரத் தலையணையைத் தட்டிப் போட்டுச் சாய்ந்தான். “நம்ம தென்காசி மாதிரியே இருக்குல்லா? சாரல்கூட அடிக்கி.”

“சாரல் இல்ல. கூரை ஒழுகுது.”

“மசக்கைல உனக்கு எல்லாமே கோணலாத் தெரியுது பிள்ள.”

“ஏழாம் மாசத்துல என்ன மசக்கை?”

மறுநாள் அவனை இழுத்துக்கொண்டு மார்கிட்டின் அலுவலகத்துக்குப் போனாள். இவள் சொன்னதையெல்லாம் மார்கிட் காதிலிருந்த மொழிமாற்றி வழியே பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள், திரையைப் பார்த்தாள்.

“உங்களுக்குப் பொட்டு இல்லை. ஆகவே அளவும் இல்லை. உங்கள் கணவரின் தவிப்பு பூஜ்யம்.”

“அது இருக்கதாலதான் அவரு தவிக்கல மேடம்!”

“அப்படியென்றால் கருவி நன்றாக வேலை செய்கிறது.”

மார்கிட்டுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வரிசை வரிசையாகச் சாவிகள் தொங்கின. எல்லாவற்றிலும் தூசி.

“அதெல்லாம் என்ன சாவி?”

“மேட்டுப் பக்கம் கட்டிய வீடுகள். அளவின்படி தேவைப்படுகிறவர்கள் இன்னும் வரவில்லை.” மார்கிட் பிரியமாகவே சொன்னாள். “நானும் வெளியூர்தான். எட்டு வருடமாகக் கூடத்தில் இருக்கிறேன். கைக்குழந்தையோடு வந்தேன். அவள்தான் அழுதுகொண்டே இருந்தாள், அவள் அப்பாவிடம் அனுப்பிவிட்டேன். மற்றபடி எனக்கு ஒரு சிரமமும் இல்லை.”

அதை அவள் சிரித்த முகத்தோடு சொன்னதுதான் செண்பகத்துக்குத் தாங்கவில்லை.

“ஒரு நிமிஷம் உங்க நெத்தியில இருக்க அந்தப் பொட்ட எடுத்துட்டு இதையே சொல்லுங்க.”

“ஏட்டி, சும்மா இரி. அதிகாரிகிட்ட போயி...” என்றான் உலகநாதன்.

மார்கிட் வேடிக்கையாகத் தலையை ஆட்டினாள். இந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்தி அனுப்பினால் போதும் என்று நகத்தால் பொட்டைப் பெயர்த்து மேசையில் வைத்தாள்.

“சொல்கிறேன் கேளுங்கள். எனக்கு ஒரு...”

புன்னகை மட்டும் சற்று நேரம் முகத்தில் தங்கியிருந்தது. பிறகு அதுவும் போயிற்று. தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனாள். பூஞ்சை வாடை அடித்திருக்க வேண்டும். மெல்ல அந்தக் கையை மடியில் இறக்கி, பிள்ளை படுத்திருந்த இடத்தைத் தடவுவதுபோல் தடவினாள்.

“என்னாச்சு இவங்களுக்கு?” என்றான் உலகநாதன், மாறாத சிரிப்போடு.

மார்கிட் எழுந்தாள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டாள். பெட்டியை மூடவில்லை. அவர்கள் இருவரையும் கடந்து வெளியே நடந்தாள்.