தலைக்கு ஒரு கேன்

இரண்டாவது தண்ணீர் கேன் காலியாக இருந்தது.

முதல் கேனிலேயே பாதி மிச்சம். ஒரு வாரத்தில் அவன் ஒருவன் குடித்தது அவ்வளவுதான். இரண்டாவதை மூடி பிரிக்காமல் சமையலறை மூலையில் ஒதுக்கி வைத்திருந்தான். இப்போது மூடி கழன்று பக்கத்தில் கிடந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அந்தக் குடியிருப்பில் தலைக்கு ஒரு கேன். செக்யூரிட்டியின் பதிவேட்டில் வீட்டுக்கு எத்தனை பேர் என்று இருக்கிறதோ, அத்தனை கேன் திங்கட்கிழமை காலை வாசலுக்கு வந்துவிடும். குடிவந்த அன்று ‘நபர்கள்’ என்ற கட்டத்தில் அவன் 2 என்று எழுதிவிட்டான். மூன்று வருடமாக எழுதிப் பழகிய கை. மனைவி போய் எட்டு மாதம் ஆகியும் அந்தக் கைக்குச் சேதி எட்டியிருக்கவில்லை.

அப்போதே அதை அடித்து மாற்றியிருக்கலாம். அதற்குள் செக்யூரிட்டி எட்டிப் பார்த்துவிட்டார்.

“அம்மா பின்னால வர்றாங்களா சார்?”

“ஆமா. அவங்களுக்கு நைட் டூட்டி. பகல்ல தூங்குவாங்க.”

“சண்டை போடக்கூட நேரம் கிடைக்காதுன்னு சொல்லுங்க. கொடுத்து வச்சவர் சார் நீங்க!”

எட்டு மாதத்தில் அவன் முகத்தைப் பார்த்து ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பழைய தெருவில் மளிகைக்கடைக்காரர்கூட அவனைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்தத் தாழ்ந்த குரல்களுக்குத் தப்பித்துத்தான் வீடு மாறினான். பொய் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

காலையில் அந்தக் காலி கேனைத் தூக்கிப் பார்த்தபோது அவனுக்குப் பயமே வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அன்று கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை ஐந்து மணிக்கே அணைத்துவிட்டு, முதலாளி முறைப்பதைக்கூடக் கவனிக்காமல் வீட்டுக்கு ஓடி வந்தான். கதவைத் திறந்ததும், புதுப் பெயிண்ட் நெடிக்கும் பிரிக்காத அட்டைப்பெட்டிகளின் தூசிக்கும் அடியில், இப்போதுதான் குளித்த ஈரத்தலையின் வாசனை மெல்லப் படர்ந்திருந்தது. எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது நின்று, அந்த நிசப்தத்துக்குள் படுக்கையறைக் கட்டில் ஒரு தடவை முனகி, யாரோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததுபோல் அடங்கியது.

உள்ளே யாரும் இல்லை. விரிப்பில் கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

“வந்துட்டியா?” என்றான்.

அதன்பின் பத்து நாள், கிளம்பும்போது படுக்கையறையைப் பார்த்து “போயிட்டு வரேன்” என்றான். திரும்பி வந்ததும் கடையில் நடந்ததை வெறும் கூடத்தில் சொன்னான். கட்டிலின் ஓரத்தில் ஒண்டிப் படுத்து, அவளுக்கு இடம் விட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் படியில் எதிர்வீட்டு டீச்சர் மடக்கினார். கடைக்குப் போகும் பை கையில்.

“என்ன தம்பி, வீட்டுக்காரம்மாவை எங்க கண்ணுல காட்டாமலே வச்சிருக்கீங்க? இன்னைக்குத்தான் பால்கனியில பார்த்தேன்.”

அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். “பார்த்தீங்களா? என்ன... என்ன பண்ணிட்டிருந்தாங்க?”

“சும்மா நின்னாங்க. அம்மாடி, என்ன உயரம்! நிலையில குனிஞ்சுல்ல உள்ள போறாங்க. பரண் மேல இருக்கறதை எடுக்க உங்களுக்கு ஸ்டூலே வேணாம்!”

சிரித்துக்கொண்டே டீச்சர் இறங்கிப் போனார்.

அவன் மனைவி அவன் தோள் வரைதான் இருப்பாள்.

வீட்டுக்கு ஏறவில்லை. கீழே போய் செக்யூரிட்டியிடம் பதிவேட்டைக் காட்டினான்.

“ஒரு ஆள்தான். மாத்திடுங்க.”

“அப்ப அம்மா வரலையா சார்?”

“செத்துப் போயிட்டாங்க.”

செக்யூரிட்டியின் குரல் தாழ்ந்தது. “மன்னிச்சுக்குங்க சார். தெரியாம...” 2-ஐ அடித்தார். பக்கத்தில் 1 என்று எழுதினார். எந்த ஒருவர் என்று எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் பெயருக்கு இடம் கிடையாது.

மாடி ஏறினான். சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

மணியை அழுத்தினான். ஒலிக்கவில்லை. தட்டினான். மரத்தில் விழுந்த அடி அவன் காதுக்கே கேட்கவில்லை.

நடைபாதை இருட்டாக இருந்தது. ஆள் அசைந்தால் தானாக எரிகிற விளக்கு. எரியவில்லை.

படியில் செருப்புச் சத்தம். டீச்சர். விளக்கு எரிந்தது.

“டீச்சர்!”

டீச்சர் நிற்கவில்லை. அவனை ஒட்டி வந்து, அவன் வீட்டுக் கதவைத் தட்டினார். சத்தம் நன்றாகக் கேட்டது.

“நான் எதிர்வீடும்மா. செக்யூரிட்டி சொன்னாரு. தனியா இருக்கீங்களாமே, பாவம். ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுங்க.”

தாழ்ப்பாள் விலகியது.

நிலைக்குக் கீழே குனிந்து ஒரு முகம் வந்தது. நீர் சொட்டும் தலை. அவனுடைய சட்டை. கைகள் முழங்கால்வரை தொங்கின.

“உள்ள வாங்க” என்றது அது. டீச்சரின் தலைக்கு மேலாக அவனைப் பார்த்தது. அது மட்டும் பார்த்தது.

டீச்சர் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

விளக்கு அணைந்தது.

அவன் கையை உயர்த்தி ஆட்டினான்.

இருட்டு.

இன்னும் உயர்த்தி ஆட்டினான்.