ஃபீபி நிறுத்தம்

அந்த மண்மேட்டில் பாதி ஃபீபியின் உழைப்பு. ஆனால் சைக்கிளில் அதைத் தாண்ட முடியாத ஒரே ஆளும் அவள்தான்.

கனடாவின் மேற்குக் கரையில் மழை ஓயாத ஒரு மலையூர். ஊருக்குப் பின்னால் தேவதாருக் காட்டுக்குள் சைக்கிள் பாதை. அதன் நடுவே ஓர் ஏறுசரிவு, மேலே தட்டையான பரப்பு, அப்புறம் இறங்குசரிவு. பிள்ளைகள் அதை 'மேசை' என்பார்கள். வேகமாக வந்து, விளிம்பில் எழும்பி, மேசைக்கு மேலே பறந்து, அந்தப் பக்கச் சரிவில் இறங்க வேண்டும்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. மண் வெட்டாதவர் சைக்கிள் ஏறக் கூடாது. ஃபீபி வசந்தம் முழுக்க மண் வெட்டினாள், தண்ணீர் ஊற்றினாள், மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டிச் சரிவை வழவழப்பாக்கினாள். ஜூன் மாதம் முதல் ஆளாகத் தாண்டப் போனவள், விளிம்பில் பயந்துபோய் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டாள். கைப்பிடிக்கு மேலே பறந்து விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

எலும்பு கூடிவிட்டது. கைதான் பழைய கையாக இல்லை.

யார் கிளம்பினாலும் "இறங்குறேன்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். ஃபீபியும் சத்தம் கொடுப்பாள், கிளம்புவாள். விளிம்பு நெருங்கும்போது விரல்கள் தாமாகவே பிரேக்கை இறுக்கிவிடும். பின்சக்கரம் மண்ணைக் கிழித்துக்கொண்டு நிற்கும். பிரேக் தடம் பாதையைக் கெடுக்கும் என்று எல்லாரும் திட்டுவார்கள். அதனால் சாயங்காலம் தன் தடத்தைத் தானே மண் போட்டு மூடிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போவாள்.

இன்று பனி விழுவதற்கு முந்தைய கடைசி ஞாயிறு. கடைசி ஞாயிறு என்றால் 'ரயில்'. எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக மேசையைத் தாண்டுவார்கள். "நான் முன்னாடி, நீ பின்னாடி" என்று அவளுடைய உயிர்த் தோழன் கேலம் வசந்தத்திலேயே சொல்லிவைத்திருந்தான்.

காலையிலிருந்து முயன்றாள். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே சர்ரென்ற சத்தம்.

"பிரேக்க மறந்துடு," என்றான் கேலம். "எந்திரிச்சு நில்லு. ரெண்டு பெடலும் ஒரே மட்டத்துல. முழங்கால், முழங்கை வெறைச்சுப் போகக் கூடாது. கண்ணு எறங்குற எடத்துலயே இருக்கணும்."

"எல்லாம் எனக்குத் தெரியும் கேலம். என் கைக்குத்தான் தெரியல."

"அப்ப கைய வீட்லயே வெச்சிட்டு வந்திருக்கலாம்ல," என்றான் வரிசையில் நின்ற ராஸ். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பாதையைப் பார்த்துக்கொள்ளும் பெரிய பெண் சிக்னி, மேகத்தை அண்ணாந்து பார்த்தாள். "இனிமே காத்திருந்தா மழை வந்துடும். ஃபீபி, நீ கொஞ்சம் ஒதுங்கிக்கோ."

கேலம் தயங்கினான். "நீ இல்லாம எப்படி..."

"போடா. ரயில் நிக்காது."

ஃபீபி சைக்கிளை அங்கேயே சாய்த்துவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் போய் ஒரு தேவதாருவின் கீழே உட்கார்ந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. இனி சைக்கிளே வேண்டாம். சித்தி பையனுக்குக் கொடுத்துவிடலாம். தான் கட்டிய மேட்டை ஊரே தாண்ட, தான் மட்டும் கீழே உட்கார்ந்து பார்ப்பதற்கா இத்தனை மண் வெட்டினோம் என்று இருந்தது.

ரயில் வந்தது. ஒவ்வொருவராகப் பறந்து, இறங்கி, வளைவில் மறைந்தார்கள். கடைசியில் கேலம். எழும்பியவன் நடுவானில் தலையைத் திருப்பி, மரத்தடியில் அவளைத் தேடினான். கண் போன பக்கம் உடம்பும் திரும்பியது. முன்சக்கரம் மேசையின் ஓரத்தில் இடிக்க, அவன் இறங்குசரிவில் உருண்டு விழுந்தான்.

ஃபீபி ஓடினாள். "கேலம்!"

"தோளு... அசைய முடியல," என்று முனகினான்.

அப்போது மேலே மரங்களுக்குப் பின்னாலிருந்து பழக்கமில்லாத ஒரு குரல் கேட்டது. "இறங்குறேன்."

யாரோ வெளியூர்ப் பையன். மேலேயிருந்து பார்த்தால் இந்தச் சரிவு தெரியாது. தாண்டினால் நேராகக் கேலம் மேலேதான் இறங்குவான்.

யாராவது விழுந்து கிடந்தால் விளிம்பில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே பெருக்கல் குறிபோலக் காட்டுவது வழக்கம். ஃபீபி விளிம்பில் ஏறினாள். ஆனால் அங்கே நிற்கவில்லை. மரங்களைக் கடந்து வேகமாக வருபவர், அங்கே நிற்பவளைப் பார்த்த பிறகு பிரேக் பிடித்தால் விளிம்புக்கு முன்னால் நிற்க முடியாது. எங்கே பிடித்தால் நிற்க முடியும் என்பது அவள் விரல்களுக்குத் தெரியும். காலையில் விழுந்த தன் தடம் தொடங்கும் இடத்தையும் தாண்டி மேலே ஓடி, நடுப்பாதையில் நின்று கைகளைப் பெருக்கல் குறியாக உயர்த்தினாள்.

"நிறுத்து! பிரேக் பிடி!"

சர்ரென்ற சத்தம். அவள் விலகிக்கொள்ள, சைக்கிள் அவளை உரசிக்கொண்டு, அவள் தடத்தின் மேலேயே இழுத்துக்கொண்டு போய், அவள் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றது. அந்தப் பையன் இறங்கிப் போய் மேசைக்கு அப்பால் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துப்போய், மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கேலமின் கழுத்தெலும்பு முறிந்திருந்தது. தலைக்கவசம் பிளந்திருந்தது, தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்த எல்லாரும் ஆம்புலன்ஸ் வரும்வரை அவனைச் சுற்றி நின்றார்கள். ராஸ் தன் மேல்சட்டையைக் கழற்றி அவன்மேல் போர்த்தினான்.

"என்னைப் பாக்கப் போய்தானே விழுந்த," என்றாள் ஃபீபி.

"எறங்குற எடத்தப் பாருன்னு உனக்குச் சொல்லிட்டு நான் உன்னைப் பாத்தேன். என் கண்ணையும் வீட்லயே வெச்சிட்டு வந்திருக்கணும்." சிரிக்கப் போய், வலியில் முகம் சுளித்தான். "அடுத்த வருஷம் நீ முன்னாடி, நான் பின்னாடி."

"அப்பவும் நான் தாண்டலன்னா?"

"ரெண்டு பேரும் சேந்து பிரேக் பிடிப்போம்."

ஆம்புலன்ஸ் போனதும் மழை பிடித்துக்கொண்டது. இந்த வருஷத்துக்கு எல்லாம் முடிந்தது. ஃபீபி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தன் தடத்தை மூடப் போனாள்.

"அத மூடாத," என்றாள் சிக்னி.

"பாதை கெட்டுப்போகும்."

"கெடட்டும். அங்க ஒரு பலகை நடப்போறேன். புதுசா வர்றவங்க அங்க நின்னு, நடந்து போய் அந்தப் பக்கத்தப் பாத்துட்டுத்தான் மறுபடி மேலேருந்து கிளம்பணும்."

"பலகைல என்ன எழுதுவ?"

"நம்ம மேடு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் இருக்கே. நீ நிக்கிற இந்த எடத்துக்கும் வெச்சாச்சு. ஃபீபி நிறுத்தம்."

அன்றைக்குத்தான் முதல் முறையாக, தன் தடத்தை மூடாமல் ஃபீபி வீட்டுக்குப் போனாள்.